பால்கனியா, மொட்டை மாடியா, வாசலா: எங்கள் குடியிருப்பில் சிகரெட் புகைக்கு எது இடம்?

எங்கள் குடியிருப்பு சென்னையில், கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மொத்தம் 24 வீடுகள். புகைபிடிப்பவர்கள் என்று வெளிப்படையாகத் தெரிந்தவர்கள் ஆறேழு பேர். மூன்றாவது மாடி வீட்டுக்கு மகள் பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு வந்திருக்கிறாள். போன அசோசியேஷன் கூட்டத்தில் அவளுடைய அம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்க வீட்டுல யாரும் சிகரெட் பிடிக்கிறதில்ல. அப்புறம் ஏன் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை தூங்குற ரூம்ல சிகரெட் வாடை வருது?"

அதற்குக் கிடைத்த பதில்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போயின. அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டம் என்றார் ஒருவர். மாடிப்படியில் வேண்டாம், பால்கனியில் பிடித்துக்கொள்ளட்டும் என்றார் இன்னொருவர். கீழே சும்மா கிடக்கும் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் கொடுத்துவிடலாம், குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் ஏர் ப்யூரிஃபையர் வாங்கிக்கொள்ளலாம், காம்பவுண்டுக்குள்ளேயே கூடாது என்று எழுதிவிடலாம் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வரும் வேலை செயலாளர் என்ற முறையில் என் தலையில் விழுந்தது. வேறு குடியிருப்புகளிலும் இதே சச்சரவு ஓடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குப் புகைப்பழக்கம் இல்லை. ஆனால் பீடி பிடித்த அப்பாவோடு வளர்ந்தவன். அவர் வீட்டுக்குள் ஒரு நாளும் பிடித்ததில்லை, திண்ணையில் உட்கார்ந்துதான் பிடிப்பார். திண்ணை என்றால் வெளியே என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த ஜன்னலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஜன்னலடியில்தான் அம்மா முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைப்பாள்.

அடுத்தவர் புகை என்ன செய்யும்

சுற்றியிருப்பவர்களை வந்து சேரும் புகையில், பிடிப்பவர் இழுத்து வெளியே விடுவது சிறு பங்குதான். விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து கிளம்புவதே பெரும் பங்கு. இழுக்காத நேரத்தில் நுனி குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிகிறது. அதனால் அந்தப் புகையில் நச்சு கூடுதல், இடையில் ஃபில்டரும் இல்லை. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியாகத் தெரியும். பீடி இயற்கை இலை, அது பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பீடியில் புகையிலை குறைவுதான், ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவதில்லை.

அடுத்தவர் புகையால் நோய் வருமா என்ற கேள்விக்கு 1981-லேயே பதில் கிடைத்தது. தகேஷி ஹிராயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவன் எவ்வளவு அதிகம் புகைத்தானோ அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. 2006-ல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் வெளியிட்ட அறிக்கை அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. வீட்டிலோ வேலையிடத்திலோ அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு இதய நோய் அபாயம் 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதமும் கூடுகிறது என்றது. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பதும் அதே அறிக்கையின் முடிவு.

குழந்தைகளுக்கு இது இன்னும் கடுமையானது. அவர்கள் மூச்சு வேகம் அதிகம், நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அறையை விட்டு எழுந்து போகவும் முடியாது. ஆஸ்துமா கிளம்புவது, காதில் சீழ், நிமோனியா, தூக்கத்திலேயே நேரும் திடீர் சிசு மரணம் ஆகியவற்றோடு இந்தப் புகைக்குள்ள தொடர்பு நிறுவப்பட்டது. மூன்றாவது மாடி அம்மாவின் கேள்வி வாடையைப் பற்றியது என்று கூட்டத்தில் பலர் எடுத்துக்கொண்டார்கள். குழந்தையின் மூச்சைப் பற்றியது அது.

இந்தியாவில் 2016-17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறார்கள். உணவகத்திலும் அலுவலகத்திலும் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இடத்தில் என்ன செய்வது என்பதை நாம்தான் முடிவு செய்தாக வேண்டும்.

ஊதுபத்தியை வைத்து ஒரு சோதனை

ஒப்பீட்டை எழுதுமுன் புகை நம் கட்டடத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், இரண்டாவது மாடி நண்பர் பால்கனியில் நான்கு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தோம். அந்த நேரத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். நம் பால்கனிகளில் பாதி கிழக்குப் பார்த்தவை. ஊதுபத்திப் புகை கடல் பக்கம் போகவே இல்லை. சுவரில் மோதி, சுவரை ஒட்டியே மேலே ஏறி, மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக உள்ளே திரும்பியது. சில நிமிடங்களில் அங்கே படுக்கையறையில் மல்லிகை வாசம். கொசுவலை அடித்த ஜன்னல்தான், ஆனால் கொசுவலை கொசுவுக்கு மட்டும்தான் வலை.

அடுத்து அதே வீட்டுக் குளியலறையில் கொளுத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டோம். குளியலறை ஜன்னல்கள் எல்லாம் நடுவில் இருக்கும் டக்டைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. கீழிருந்து மேல் வரை ஒரே குழாய் மாதிரி போகும் அந்த டக்டுக்குள் ஃபேன் புகையைத் தள்ளியது. மேலே இருக்கும் இரண்டு வீட்டுக் குளியலறைகளிலும் வாசம் வந்தது. "நான் பாத்ரூம்ல ஃபேன் போட்டுட்டுத்தான் பிடிக்கிறேன், யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று நல்ல எண்ணத்தோடு சொன்ன ஒருவரை அழைத்துப்போய் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

கீழே வரும் எல்லா யோசனைகளையும் இந்த இரண்டு சோதனைகளோடு சேர்த்துத்தான் எடைபோட்டேன்.

உள்ளபடியே விட்டுவிடுவது

செலவு கிடையாது, சண்டை கிடையாது, யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டாம். அக்கம்பக்கத்தார் நல்லபடியாகப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை நல்ல நம்பிக்கைதான். ஆனால் பேசப் போகிறவர் யார் என்று பாருங்கள். மூன்றாவது மாடி அம்மா வயதில் மூத்தவர், சொந்த வீட்டுக்காரர், அதனால் எழுந்து கேட்டார். வாடகைக்கு இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். ஸ்டில்டில் 12 மணி நேரம் உட்காரும் வாட்ச்மேன் எந்தக் காலத்திலும் கேட்க மாட்டார். கார் எடுக்க வரும்போது பக்கத்தில் நின்று ஒரு தம் போடும் வீட்டுக்காரரைப் பார்த்து "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் வேலை இருக்குமோ என்ற பயம் அவருக்கு.

வாடை வருகிறவர் ஏர் ப்யூரிஃபையர் வாங்கிக்கொள்வது

நியாயம் இல்லை என்று முதலிலேயே தோன்றுகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும், வேலைக்கு ஆகுமா? ப்யூரிஃபையருக்குள் நுண்துகளை வடிகட்டும் ஹெபா ஃபில்டர் நல்லதாக இருந்தால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். அந்த அளவில் நுண்துகள் குறையும் என்பது உண்மை. ஆனால் புகை துகள் மட்டும் இல்லை. கார்பன் மோனாக்சைடு ஹெபாவுக்கும் பிடிபடாது, கரி ஃபில்டருக்கும் பிடிபடாது. மற்ற வாயுக்களில் கொஞ்சத்தைக் கரி பிடிக்கும், அதுவும் நிரம்பும் வரைதான். மேலும் ப்யூரிஃபையர் வேலை செய்ய ஜன்னலை மூடி வைக்க வேண்டும். சென்னையில் ஏசி இல்லாத அறையில் மே மாதம் ஜன்னலை மூடிக்கொண்டு பச்சைக் குழந்தையைப் போட முடியுமா?

இன்னொன்று, புகை காற்றோடு போய்விடுவதும் இல்லை. நிகோடின் சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிகிறது. 2010-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் காட்டியது இது: படிந்த நிகோடின், காற்றில் சாதாரணமாக இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து, புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுகிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு எந்த மெஷினும் அதைத் துடைத்துத் தராது.

கீழ் அறையைப் புகை அறையாக்குவது

கூட்டத்தில் அதிகம் பேர் தலையசைத்தது இதற்குத்தான். விமான நிலையத்தில் இருக்கிறதே, நாமும் கட்டிக்கொள்வோம் என்று. 2008 விதிகள் அந்த மாதிரி அறையை விமான நிலையத்துக்கும், 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டலுக்கும், 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகத்துக்கும்தான் அனுமதிக்கின்றன. நிபந்தனைகளும் லேசானவை இல்லை. நாலு பக்கமும் மேலே வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, அறைக் காற்று மற்ற இடங்களோடு கலக்காமல் நேரே வெளியே போகும் அமைப்பு, அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருப்பது. கதவைத் திறந்தால் காற்று உள்ளே போக வேண்டுமே தவிர வெளியே வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கடைசி நிபந்தனை.

நமக்கு இருப்பது மோட்டார் ரூம் பக்கத்தில் ஆறுக்கு எட்டு அடி அறை. அதில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் காற்று எங்கே போகும்? ஸ்டில்டுக்கு. அங்கே வாட்ச்மேன் இருக்கிறார், சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், லிஃப்ட் வாசலும் மாடிப்படியும் அங்கேதான் தொடங்குகின்றன. படிக்கட்டு மேலே இழுக்கும் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். குழாய் போட்டு மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோகலாம், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மின்வெட்டு போதும். அறையைப் பெருக்கப் போகிற அம்மாவைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 1986 அறிக்கையே, புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் ஒரே காற்றுவெளியில் பிரித்து உட்காரவைத்தால் பாதிப்பு குறையலாம், நீங்காது என்று சொன்னது. 2006 அறிக்கை இன்னும் நேரடியாக, பிரிப்பதும் காற்றைச் சுத்தம் செய்வதும் காற்றோட்டம் கூட்டுவதும் போதாது என்றது. ஒரு காலத்தில் விமானத்தில் பின்வரிசைகளைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதன் கதைதான் இதுவும்.

பால்கனி மட்டும்

இதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்றைக்கு நடைமுறையில் இருப்பது இதுதான். நம் வீடுகளில் மனைவியோ மகளோ "வெளிய போய்ப் பிடிங்க" என்று சொல்லி வென்ற இடம் பால்கனி. பால்கனிக்குப் போகிறவர் தன் வீட்டாரைக் காப்பாற்றும் எண்ணத்தோடுதான் போகிறார். அந்த எண்ணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், என் அப்பாவின் திண்ணையும் அதே எண்ணம்தான்.

ஆனால் ஊதுபத்தி காட்டியது வேறு. கிழக்குப் பக்கப் பால்கனியில் மாலையும் இரவும் எரிவது எதுவானாலும் மேல் வீட்டு ஜன்னலுக்குத்தான் போகிறது. கதவு கொஞ்சம் திறந்திருந்தால் பிடிப்பவரின் கூடத்துக்கும் திரும்புகிறது. திறந்த வெளியில் புகை எவ்வளவு தூரம் உறைக்கும் என்று 2007-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். பிடிப்பவருக்கு ஓரிரு அடி பக்கத்தில் அளவு, வீட்டுக்குள் பிடிப்பதற்குச் சமமாக இருந்தது. ஆறடிக்கு அப்பால் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. ஆனால் அது திறந்த இடக் கணக்கு. மேலே இன்னொரு பால்கனித் தளம் கூரையாக நிற்க, பக்கத்தில் சுவர், பின்னால் ஜன்னல் என்று இருக்கும் பால்கனியைத் திறந்தவெளி என்று சொல்வது கஷ்டம். நம் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் உயரம் பத்தடி, ஜன்னலுக்கு அதைவிடக் குறைவு.

"அப்படியென்றால் கொசுவர்த்தியும் சாம்பிராணியும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. துகள் அளவு மட்டுமே இந்தக் கணக்கு, சிகரெட்டின் மற்ற நச்சுகள் இதில் வராது. ஆனாலும் மூடிய அறையில் இரவு முழுக்கச் சுருள் எரிவது கெடுதல்தான். மாடிப்படி முனைகளில் நாம் வைக்கும் சுருளை நிறுத்திவிட்டு, அங்கே இருக்கும் இரண்டு ஜன்னல்களுக்கும் வலை அடிப்போம் என்று தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன். பெரியவருக்கு நன்றி.

காம்பவுண்டு முழுக்கத் தடை

காற்றுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. அமெரிக்க அரசு தன் பொதுக் குடியிருப்புகளில் 2018 ஜூலை முதல் இப்படித்தான் செய்தது. வீட்டுக்குள்ளும் பொது இடங்களிலும் கூடாது, கட்டடத்திலிருந்து 25 அடிக்குள்ளும் கூடாது. விதி வந்தபோது ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அது பொருந்தியது. வீட்டுக்குள் என்ன செய்வது என்று அடுக்குமாடியில் விதி போடவே முடியாது என்ற வாதத்துக்கு இது நேரடிப் பதில்.

தடை போட்ட இடங்களில் பலன் சீக்கிரமே தெரிந்திருக்கிறது. 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்து மூடிய பொது இடங்களிலெல்லாம் புகையைத் தடை செய்தது. ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு வகை நோய்களுக்குச் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்த ஆண்டில் 17 சதவீதம் குறைந்தார்கள். அதே காலத்தில் அப்போது தடை இல்லாத இங்கிலாந்தில் குறைந்தது 4 சதவீதம். 1998-ல் கலிஃபோர்னியா மதுக்கூடங்களில் தடை வந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் 53 மதுக்கூட ஊழியர்களை முன்னும் பின்னும் சோதித்தார்கள். இருமல், மூச்சிரைப்பு என்று இருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சில வாரங்களில் அந்தத் தொல்லை நின்றுவிட்டது. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வாட்ச்மேனின் காலை நேர இருமல் ஞாபகம் வருகிறது. அவர் புகைப்பதில்லை.

நமக்கு 25 அடி கிடைக்காது என்பதுதான் சிக்கல். நம் கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் ஐந்தடி, பின்னால் ஏழடி. காம்பவுண்டு முழுக்கத் தடை என்றால் எல்லோரும் தெருவில்தான் நிற்க வேண்டும். கேட்டுக்கு வெளியே இருக்கும் புங்கமரத்து நிழலில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கும், பள்ளி வேன் நிற்கும். பிள்ளைகள் ஏறி இறங்கும் இடத்துக்குப் புகையைத் தள்ளிவிட்டு நாம் சுத்தமாகிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பயமும் உண்டு: போக இடமே இல்லாத தடையை இரவு 11 மணிக்கு யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள், குளியலறைக்குத்தான் போவார்கள். அந்தப் புகை டக்ட் வழியாக மேலே வரும்.

வீடு, பால்கனி, படி எல்லாவற்றிலும் தடை. மொட்டை மாடியில் ஒரு மூலை

என் பரிந்துரை இது. முதலில் தரைத்தளத்தில், பின்பக்கச் சுவரோரம் ஓர் இடம் கொடுக்கலாமா என்றுதான் யோசித்தேன். ஆனால் கீழே கிளம்பும் புகை நான்கு மாடி ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டுதான் மேலே போகும். மொட்டை மாடிக்கு மேல் ஜன்னல் இல்லை. காற்று நாலு பக்கமும் அடிக்கிறது. தென்மேற்கு மூலை, படிக்கட்டுக் கதவிலிருந்து கிட்டத்தட்ட நாற்பதடி. தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கம்பியும் வடக்கில் இருக்கின்றன. பக்கத்துக் கட்டடம் நம்மைவிட ஒரு மாடி குறைவு.

குறைகள் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் மேலே போனவர்கள் படிக்கட்டுக் கதவுக்குள் ஒதுங்கி நின்று பிடிப்பார்கள். அதைத் தடுக்க அந்த மூலையிலேயே சின்னத் தகரக் கூரை ஒன்று போட வேண்டும், பக்கங்களை அடைக்காமல். வடாம் காயப்போடும் மாதங்களில் பிள்ளைகளைக் காவல் உட்காரவைக்கிறோம், அந்த நேரங்களில் மேலே யாரும் பிடிக்கக் கூடாது. மணல் வாளி வேண்டும். துண்டுகளைக் கீழே வீசக் கூடாது.

முதல் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் ஐயாவுக்கு இந்த முடிவு உண்மையிலேயே சிரமம். ஐம்பது வருஷப் பழக்கம். லிஃப்ட் நான்காவது மாடி வரைதான் போகும், அதற்கு மேல் 18 படி. நேரில் போய்ப் பேசினேன். கோபப்படவில்லை. "நான் கீழ இறங்கி தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வர்றேன்பா, டாக்டரும் நடக்கச் சொல்றாரு" என்றார். அவர் நடப்பதற்கு வசதியாக கேட் பக்கம் கைப்பிடி ஒன்று வைத்துத் தருவது நம் பொறுப்பு.

பிடிப்பவர்களில் பாதிக்கு மேல் விட்டுவிட நினைப்பவர்கள்தான். அதே 2016-17 கணக்கெடுப்பில் 55.4 சதவீதம் பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கை நீட்டினால் எட்டுகிற பால்கனிக்குப் பதிலாக 18 படி ஏற வேண்டியிருந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். விட விரும்புகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அறிவிப்புப் பலகையில் தடை என்று ஒரு வரி எழுதினால், இந்த எண்ணைப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அபராதம் வேண்டாம் என்பது என் கருத்து. மெயின்டனன்ஸ் பாக்கியையே வசூல் செய்ய முடியாமல் திணறுகிறோம். துணைவிதியில் சேர்ப்போம், புதிதாக வாடகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதட்டும். மீறினால் முதலில் செயலாளர் நேரில் பேசுவார், அடுத்து அசோசியேஷன் கடிதம் கொடுக்கும். எக்காரணத்தைக் கொண்டும் வாட்ச்மேனைப் போய்ச் சொல்லச் சொல்லக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து, வாடை வருகிறதா என்று மேல் வீடுகளைக் கேட்போம். சரியாக வரவில்லை என்றால் மாற்றிக்கொள்வோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்டில்டில் கூட்டம். 24 வீட்டுக்கும் தலா ஓர் ஓட்டு. இந்தக் கட்டடத்தில் அதிகம் புகை சுவாசிக்கும் இரண்டு பேருக்கு அதில் ஓட்டு இல்லை. ஒருவருக்கு வயது நாற்பது நாள். இன்னொருவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.